வேலை, நர்சிங் படிப்பு, வீடு: எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் கட்டாதீர்கள்

வேலை பார்த்துக்கொண்டே நர்சிங் படிக்க நினைக்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, எப்படிச் சமாளிச்சீங்க? உங்க டைம்டேபிளைக் கொஞ்சம் அனுப்புங்களேன்." நான் பதிலுக்கு, "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களிடம் பேசியாயிற்றா?" என்று கேட்பேன். பலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படுகிறது. என்னைப் பொறுத்தவரை எல்லாமே அந்தப் பேச்சைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்தபடியே நர்சிங் படித்தேன். வீட்டில் கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் மகள். இப்போது வார்டில் நர்ஸாக இருக்கிறேன், மாணவிகளோடு தினமும் பழகுகிறேன். கெட்டிக்காரப் பெண்கள் பாதியில் படிப்பை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் பாடம் புரியாமல் போனவர்கள் இல்லை. வீட்டில் ஒரு வேலைகூடக் குறையாமல், அதன் மேல் படிப்பையும் ஏற்றிக்கொண்டவர்கள்.

இந்தப் படிப்பின் சுமை வெளியில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. "ராத்திரி உட்கார்ந்து படித்தால் ஆயிற்று" என்று நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005ல் கொண்டுவந்த விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பொது நர்ஸ் ஆவதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுப் படிப்பு, 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது பாதி நேரம் நோயாளிகளோடு இருந்து கற்க வேண்டும். மற்ற நாடுகளில் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டில் நோயாளிகளோடு இருந்து செய்யும் பயிற்சி, இல்லாத நர்சிங் படிப்பு எங்கும் கிடையாது. புத்தகத்தைப் பேருந்திலும் படிக்கலாம், அடுப்படியிலும் படிக்கலாம். போஸ்டிங் அப்படி இல்லை. ஷிப்ட் ஏழு மணிக்கு என்றால் ஏழு மணிக்கு யூனிபார்மோடு வார்டில் நிற்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போகாவிட்டால் அந்த மணி நேரத்தை இன்னொரு நாள் ஈடுகட்ட வேண்டும். நாள் முழுக்க நின்றுவிட்டு வீடு வந்தால், மறுநாள் காட்ட வேண்டிய கேர் பிளான் (நோயாளியை எப்படிக் கவனிப்பது என்ற திட்டம்) எழுதாமல் கிடக்கும். சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை இது எதிலும் சேராது.

நவீன நர்சிங் பயிற்சி எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, மாணவிகள் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். சாப்பாடு அங்கேயே, படுக்கை அங்கேயே. அதற்குப் பிறகு பல நாடுகளில் வந்த பள்ளிகளும் அதே வழியில் போயின. கல்யாணம் ஆகாத இளம்பெண்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் வெகுநாள் நீடித்தது. அதாவது, சமைக்க வேண்டாம், பிள்ளையைத் தூங்கவைக்க வேண்டாம், மாமனார் மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று இருக்கும் ஒருத்திக்காகப் போடப்பட்ட கால அட்டவணை அது. இன்றைக்குப் படிக்க வருபவர் அப்படிப்பட்டவராக இல்லை, ஆனால் அட்டவணையின் எலும்புக்கூடு இன்னும் அதேதான். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட அறிக்கைப்படி அப்போது உலகில் சுமார் 2.8 கோடி நர்ஸ்கள் இருந்தார்கள், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். வீட்டுப் பொறுப்பு யார் மேல் விழுகிறதோ, அவர்களே நிறைந்திருக்கும் தொழில் இது. அவர்களிடம் போய் "நேரத்தை நன்றாகத் திட்டமிடு" என்று அறிவுரை சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

சரி, வீட்டில் என்ன பேச வேண்டும்?

"என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்று நல்ல மனதோடு சொல்லும் கணவர்கள் நிறைய உண்டு. என் கணவரும் அப்படித்தான் சொன்னார். அந்த ஏற்பாடு ஓடவில்லை. துணி துவைக்கச் சொன்னால் துவைத்துவிடுவார். ஆனால் துணி சேர்ந்துவிட்டது என்று கவனிப்பது, சோப்புத்தூள் தீரப்போகிறது என்று ஞாபகம் வைப்பது, நாளைக்கு எனக்கு வெள்ளை யூனிபார்ம் வேண்டும், மகளுக்கு விளையாட்டு உடை வேண்டும் என்று கணக்குப் போடுவது எல்லாம் என் மண்டைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. கைவேலை அவரிடம் போனது, நினைப்பு என்னிடமே தங்கிவிட்டது. ஷிப்ட் மாறும் நேரத்தில் வார்டில் சீனியர் ஒரு நோயாளியைப் பற்றி ஹேண்ட்ஓவர் சொல்லி ஒப்படைத்துக்கொண்டிருக்கும்போது, வீட்டில் சோப்புத்தூள் இருக்கிறதா என்ற நினைப்பு வரக் கூடாது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். துணி என்றால் கூடையில் விழுவதிலிருந்து மடித்து அலமாரிக்குப் போகும் வரை முழுக்க அவர் பொறுப்பு. நான் ஞாபகப்படுத்த மாட்டேன், அவரும் என்னைக் கேட்கக் கூடாது. பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புகளும் அவருடையவை. பள்ளியின் தொடர்பு எண்ணையே அவருடையதாக மாற்றினோம். சமையலை மாமியாரும் அவரும் எடுத்துக்கொண்டார்கள். நான் வார விடுமுறையில் மட்டும் சமைத்தேன். மடிப்பு நான் மடிப்பது போல இருக்காது, குழம்பு என் கைப்பக்குவத்தில் இருக்காது. அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது என் பங்குக்கு நான் ஒப்புக்கொண்டது. பொறுப்பை ஒருவரிடம் கொடுத்த பிறகு பின்னால் நின்று திருத்திக்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் அது நம் கைக்கே திரும்பி வந்துவிடும்.

அவர் எனக்கு "உதவி" செய்ததாக உறவினர்கள் பாராட்டினார்கள். அவரே, "நான் சாப்பிடுற வீடு, நான் உடுத்துற துணி" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை.

மாமியாருக்கு ஆரம்பத்தில் மனக்கசப்பு இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. வயதான காலத்தில் அடுப்படிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வருத்தம். அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் காலைச் சமையலைக் கணவர் முழுக்க ஏற்றார். ஒரு பெண் இறக்கிவைக்கும் சுமை வீட்டில் இருக்கும் இன்னொரு பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்தால் அதைப் பகிர்வு என்று நான் சொல்லமாட்டேன்.

படிக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் ஒரேயடியாகக் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள், கிடைக்காது. கற்றது முதல் சில மணி நேரங்களிலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் வழி. திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வது நீண்ட நாள் நினைவில் நிற்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு யூனிபார்ம் பையில் சின்னச் சின்ன அட்டைகள் இருந்தன. ஒரு பக்கம் மருந்தின் பெயர், மறுபக்கம் என்ன கவனிக்க வேண்டும் என்பது.

நோயாளிக்கு ஏற்றும் டிரிப்பில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்ற கணக்கை என் மகளோடு சேர்ந்துதான் பழகினேன். ஒரு லிட்டர் திரவம் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. மொத்தம் 20,000 சொட்டு, எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம், வகுத்தால் நிமிடத்துக்கு 41.67. அவள் தன் வீட்டுப்பாட நோட்டின் ஓரத்தில் வகுத்துவிட்டு நிமிர்ந்து, "அம்மா, புள்ளி ஆறு ஏழு சொட்டு எப்படி விழும்?" என்று கேட்டாள். விழாது, அதனால்தான் 42 என்று வைத்துக்கொள்கிறோம் என்றேன். பிறகு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு குழாயை மெல்லத் திறந்து நிமிடத்துக்கு 42 சொட்டு விழவைக்கப் பார்த்தாள். படிப்பையும் பிள்ளையையும் தனித்தனி நேரங்களில்தான் கவனிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வேலை முடித்து, வீட்டைப் பார்த்து, மீதி நேரத்துக்குத் தூக்கத்தை வெட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. 1997ல் நேச்சர் இதழில் டாசன், ரீட் இருவரும் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய நிலைக்கு இறங்குகிறது என்று கண்டது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினாலே குற்றம். நைட் டூட்டி முடித்து நேராக வகுப்புக்குப் போய், மதியம் வீட்டு வேலை பார்க்கும் மாணவி 17 மணி நேரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடுகிறாள். அவள் கையில்தான் இன்சுலின் சிரிஞ்ச் இருக்கிறது. காபி குடித்துச் சமாளிப்பேன் என்பவர்கள், உடம்பில் போன கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு நைட் டூட்டியில் குடித்தது, எட்டு மணிக்குப் படுக்கும்போதும் உள்ளே இருந்து தூங்கவிடாது.

இனி பொழுதுபோக்கு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

எனக்குக் குரோஷா பின்னல் பிடிக்கும். பதினைந்து வயதிலிருந்து பின்னுகிறேன். படிப்பில் சேர்ந்ததும் எல்லோரும் சொன்னது, "இனி அதையெல்லாம் மூட்டை கட்டி வை." வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "படிக்க நேரமில்லைங்கறா, நூல் பின்ன மட்டும் நேரமிருக்கு" என்று என் காதுபடவே சொன்னார். நான் விடவில்லை. படுக்கப் போகும் முன் சில வரிசைகள், அவ்வளவுதான். ஊசி நூலை வளைத்து இழுக்கும்போது விரலுக்கு வரும் அந்தச் சின்ன இறுக்கம், பழகிய கை தானாகவே கண்ணிகளை எண்ணிக்கொண்டு போவது, மடியில் துணி ஒவ்வொரு அங்குலமாக வளர்வது, இவைதான் என்னை வார்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தன.

ஏன் இது அவ்வளவு முக்கியம் என்று பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். வார்டில் எல்லாமே பின்விளைவு உள்ளது. சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், எதிலும் அசரக் கூடாது. பின்னலில் ஒரு கண்ணி தப்பினால் நூலை இழுத்துப் பிரித்துவிட்டு மறுபடி போடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. தப்பு செய்ய இடம் கொடுக்கும் ஒரு வேலை, தப்பே செய்யக் கூடாத வேலையில் இருப்பவர்களுக்கு மருந்துக்குச் சமம். அது பாட்டாக இருக்கலாம், செடி வளர்ப்பாக இருக்கலாம், தெருவில் பிள்ளைகளோடு பந்தடிப்பதாக இருக்கலாம். "மன அழுத்தம் குறையும், மார்க் கூடும்" என்று அதற்கு நியாயம் சொல்லவும் வேண்டியதில்லை. பிடித்திருக்கிறது என்பதே போதும். நைட்டிங்கேலேகூட ஏதென்ஸிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன ஆந்தையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்தானே!

இதை எல்லாம் விட்டுக்கொடுத்துப் படித்தவர்களைத்தான் நம் ஊடகங்களும் உறவுகளும் உதாரணமாகக் காட்டுகின்றன. அந்தப் பெண்கள் பட்டம் வாங்கிய பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீடு மட்டும் மாறினால் போதாது. நான் படித்த இடத்தில் போஸ்டிங் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை ஒட்டுவார்கள், திங்கள்கிழமை போக வேண்டும். வேலை பார்க்கும் இடத்தில் ஷிப்ட் மாற்றச் சொல்லி யாரிடம் கெஞ்சுவது? என் மேற்பார்வையாளர் நல்லவர் என்பதால் பிழைத்தேன். மாணவியின் எதிர்காலம் மேற்பார்வையாளரின் குணத்தைப் பொறுத்து இருக்கக் கூடாது. பட்டியலைப் பருவத்தின் தொடக்கத்திலேயே கொடுப்பதற்குப் பணமோ ஆளோ கூடுதலாகத் தேவையில்லை, கொஞ்சம் அக்கறை இருந்தால் போதும்.

வீட்டில் எவ்வளவு பேசியும் அசைய மாட்டார்கள் என்ற நிலையில் இருப்பவர்கள் உண்டு. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, வழி இருந்தால் ஒரு பருவத்துக்கான பாடங்களைக் குறைத்துக்கொண்டு படிப்பை நீட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான். உங்களோடு சேர்ந்தவர்கள் முன்னால் பட்டம் வாங்கிப் போகட்டும், படுக்கையில் இருக்கும் நோயாளி நீங்கள் எத்தனை வருடத்தில் படித்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை.

சேரப் போகிறவர்கள் கட்டணம் கட்டும் முன் கல்லூரியில் இதையெல்லாம் கேளுங்கள்: போஸ்டிங் பட்டியல் எவ்வளவு முன்னால் கையில் கிடைக்கும், விடுபட்ட மணி நேரத்தை எப்போது ஈடுகட்ட விடுவார்கள், நைட் போஸ்டிங்குக்கு மறுநாள் வகுப்பு உண்டா, நடுவில் ஒரு பருவம் நிறுத்திவிட்டுத் தொடர முடியுமா. வாய்வார்த்தையாகச் சொன்னால் மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு இரவே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.