நாவலா, தன்வரலாறா?

"நாவல் பொழுதுபோக்கு, தன்வரலாறுதான் பயனுள்ள வாசிப்பு" என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. 1948ல் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த கதையை வரலாற்றுப் புத்தகம் நாலு வரியில் முடித்துவிடும். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவல் அதைச் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் சந்திரசேகரன் என்ற பையனின் கண்வழியே காட்டுகிறது. அசோகமித்திரன் பிறந்து வளர்ந்த ஊரும் அதுதான். இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியுமா?

மறுபக்கம், உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' பல நாவல்களைவிட விறுவிறுப்பு. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சா. படித்ததாக அடுக்கிய அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியங்கள் எல்லாவற்றையும் சட்டை செய்யாமல், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கும் இடம் ஒன்று போதும். (1942ல் உ.வே.சா. மறைந்ததால் நூல் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது, நமக்கு நஷ்டம்.)

பாமாவின் 'கருக்கு' (1992) எந்தப் பக்கம்? தன்வரலாறு என்கிறார்கள், நாவல் என்றும் சொல்கிறார்கள். ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப்போவதைப் பார்த்துச் சிறுமி முதலில் சிரிக்கிறாள். அவர் கை பட்டால் பலகாரம் தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் நினைப்பதால்தான் அப்படிப் போனார் என்று அண்ணன் சொன்ன பிறகுதான் விஷயம் புரிகிறது. அதைப் படிக்கும்போது நூல் எந்த வகை என்றா யோசிப்போம்?

புதிதாக 'என் சரித்திரம்' எடுப்பவர்கள் ஆரம்பத்து ஊர், குடும்பக் கதையில் அலுத்தால் நேராக, தமிழ்ப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சா. பாடம் கேட்கப் போகும் பகுதிக்குத் தாவிவிடுங்கள். விட்டதைப் பிறகு நீங்களே தேடிப் படிப்பீர்கள்.