பெட்டியில் சான்றிதழ் இருந்தால் பேங்க்ஸியின் படைப்பாகிவிடாது

பேங்க்ஸி, அடையாளத்தை மறைத்து இயங்கும் பிரிட்டிஷ் தெருவோவியர். அவருடைய ‘பூங்கொத்து எறிபவர்’ ஓவியத்தின் சிலையோடு எண்ணிட்ட அட்டை வந்தால் அது அவருடைய அசல் படைப்பு, அவர் படைப்புகளுக்குச் சான்று தரும் பெஸ்ட் கன்ட்ரோல் அமைப்பும் உறுதி செய்யும் என்று சிலர் சொல்வது தவறு. நம்பிப் பணம் போட்டுவிடாதீர்கள்.

மூல ஓவியம் பெத்லகேம் அருகே பெய்ட் சஹூரில் ஒரு சுவரில் இருக்கிறது. சந்தையில் அதிகம் புழங்கும் சிலைகள் ஜப்பானின் மெடிகாம் டாய் போன்ற நிறுவனங்கள் அந்த உருவத்தை வைத்துத் தயாரித்தவை. பேங்க்ஸி வடித்தவை அல்ல. 2008 முதல் இயங்கும் பெஸ்ட் கன்ட்ரோல் அவருடைய படைப்புகளுக்கு மட்டுமே சான்று தரும். பெட்டிக்குள் வரும் அட்டை தயாரிப்பாளருடையது. இந்த உருவத்துக்கான ஐரோப்பிய வணிகமுத்திரைப் பதிவும் 2020இல் ரத்தானது. போலிகளும் உரிமமற்ற வார்ப்புகளும் ஏராளம்.

வாங்குமுன் அடிப்பாகம், தயாரிப்பாளர் முத்திரை, பெட்டியின் நான்கு பக்கம், உள்ளிருக்கும் நுரை அச்சு எல்லாவற்றுக்கும் படம் கேளுங்கள். இந்தச் சிலைகளுக்குப் பயன்படும் பாலிஸ்டோன் என்பது கல்தூள் கலந்த பிசின். கனமானது, ஆனால் நொறுங்கும். எறிய ஓங்கிய கையின் மணிக்கட்டும் கணுக்காலும்தான் முதலில் உடையும். அங்கே பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எடுத்த படம் அவசியம். ஒட்டிய கோடும் மேல்பூச்சின் நிற வேறுபாடும் அப்போதுதான் தெரியும். தூக்கும்போது கையைப் பிடிக்காமல் அடிப்பாகத்தைத் தாங்குங்கள். துடைக்க உலர்ந்த மென்தூரிகை போதும். அசிட்டோன் பட்டால் பூச்சு கரையும்.