பாட்டை முடிக்க விடுங்கள்

சனிக்கிழமை ஹட்டனில் ஒரு விழா மேடையில் என் சங்கீத வகுப்புப் பிள்ளைகளின் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். அதை நேரில் பார்த்தவர்களும் வீடியோவில் பார்த்தவர்களும் என்னிடம் ஒன்றையேதான் சொல்கிறார்கள். "விடுங்க சேர், இதெல்லாம் வழமைதானே." வழமையாகிவிட்டது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

பிள்ளைகள் பாடியது என் அப்பாயி பாடிய தாலாட்டை வைத்துக் குறிஞ்சி ராகத்தில் நான் அமைத்த பாட்டு. குறிஞ்சியை மத்தியம சுருதியில், அதாவது மத்தியமத்தையே ஸட்ஜமாக வைத்துத்தான் பாடுவார்கள். உச்சத்துக்குப் போய்க் கைதட்டு வாங்குகிற ராகம் இல்லை அது. சின்ன எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், கேட்பவர் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். சரணத்தில் வயலினோடு தப்பு என்கிற நம் பறை சேர வேண்டும். வயலினை மூடிவிடாமல் தப்பை அடக்கி அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த ஓர் இடத்துக்காகவே மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தோம். தப்பு அண்ணன் குச்சியைத் தூக்குகிறார், வாசலில் பிரதம அதிதியின் வாகனம் வந்து நிற்கிறது. மைக்கை நிறுத்திவிட்டார்கள். "நேரமின்மை காரணமாக" என்றார் அறிவிப்பாளர். வயலின் வாசித்த பிள்ளைக்கு மைக் போனது தெரியவில்லை. இன்னும் இரண்டு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு, வில்லை இறக்கி என்னைப் பார்த்தாள்.

அந்த நேரமின்மைக்குள் அப்புறம் மங்கல விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள் எல்லாம் நடந்தன. பொன்னாடை போர்த்தினார்கள், ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ எடுத்தார்கள். எங்கள் சரணத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தொடங்கிய பாட்டை முடிக்க விடுங்கள். யார் வந்தாலும் சரி.

"அவர் பத்து இடத்துக்குப் போக வேண்டியவர்" என்கிறார்கள். போகட்டும். இரண்டு நிமிடம் கதிரையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டால் அவர் மரியாதை குறைந்துவிடுமா? பாட்டை நிறுத்துங்கள் என்று அவரே கேட்டிருக்க மாட்டார் என்றுகூட நான் நம்புகிறேன். அவர் கேட்காமலே நம்மவர்கள் பதறிப்போய் மைக்கை நிறுத்துகிறார்கள்.

"அவர்கள் இல்லாமல் மண்டபம் ஏது, செலவுக்குக் காசு ஏது?" இதில் நியாயம் இருக்கிறது. நானும் நிகழ்ச்சி நடத்தியவன்தான், அந்தக் கஷ்டம் தெரியும். அதற்காகப் பாட்டை வெட்டலாமா?

இதையெல்லாம் விட எனக்குத் தாங்காதது வேறொரு பேச்சு. "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்ததே பெரிசு." இதைச் சொன்னவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, நம் ஆட்கள்தான். வயலின் வாசித்த அந்தப் பிள்ளை வகுப்புக்கு எப்படி வருகிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். இவள் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து மழையில் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, வயலின் பெட்டியை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வருவாள். குளிருக்குத் தந்தி சுருதி விலகிப்போயிருக்கும். வந்ததும் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் சுருதி சேர்ப்பாள். அவள் பாடசாலையில் சங்கீதத்துக்கு ஆசிரியர் இல்லை. அதனால் சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரப் பாடம் எடுத்திருக்கிறாள். அதோடு என்னிடம் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கும் படிக்கிறாள். மேலே படிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் கலைப் பீடம், இல்லாவிட்டால் மட்டக்களப்பில் விபுலாநந்த நிறுவகம். மலையகத்தில் ஒன்று இல்லையே என்று எந்த வாழ்த்துரையிலாவது யாராவது பேசினார்களா? பேச வேண்டியவர்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை.

சிறுவயதில் எங்கள் தோட்டத்தில் பார்த்த காமன் கூத்து நினைவுக்கு வருகிறது. மாசியில் காமன் ஊன்றி, ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் முடித்து, சிவன் மதனை எரிக்கிற தகனம் வரைக்கும் இரவிரவாகப் பாட்டும் தப்பும்தான். ஒருமுறை நடுவில் தோட்டத்தை நடத்துகிற துரை வந்தார். கணக்கப்பிள்ளை ஓடிப்போய் கதிரை போட்டார். ரதியாக ஆடியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் துரைக்கு மாலை போட்டார்கள். அன்றாடம் துரைக்கு முன்னால் தலைகுனிந்து நின்ற சனம் அது. படித்துப் பட்டம் வாங்கிய நமக்கு அந்தத் துணிச்சல் இல்லையே!

தப்பு அண்ணன்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அவர்களை வாசலில் நிற்க வைத்தார்கள், அதிதிகளை அழைத்துவருவதற்காக. தூறலில் தோல் தளர்ந்துபோனது. மண்டபத்துக்குப் பின்னால் கடதாசிப் பெட்டியைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள். புகை வருகிறது, அணை என்று ஒருவர் வந்து சத்தம் போட்டார். உள்ளே அவர்களுக்கு உட்காரக் கதிரை இல்லை. தப்பை மட்டும் வாசலோடு நிறுத்துகிற பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு ஆண்டு என்று 2023இல் 'மலையகம் 200' என ஊர் ஊராக மேடை போட்டபோது தப்புதான் நம் அடையாளம் என்று பேசினோம். முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த அடையாளத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு ஒரு கதிரை கொடுக்க முடியவில்லை.

"இப்படி எழுதினால் இனி உங்களைக் கூப்பிட மாட்டார்கள்" என்று நண்பர் ஒருவர் அக்கறையாகச் சொன்னார். கூப்பிடாமல் இருக்கட்டும். கூப்பிடுகிறவர்களிடம் இரண்டே கேள்வி கேட்பேன். பாட்டை நடுவில் நிறுத்துவீர்களா? தப்பு அடிக்கிறவருக்கு எவ்வளவு காசு, அதை என்றைக்குக் கொடுப்பீர்கள்? நிகழ்ச்சிக்கு முன்பே பதில் சொன்னால் வருவோம்.

சனிக்கிழமைக்குப் பேசிய காசு தப்பு அண்ணன்மாருக்கு இன்னும் வரவில்லை. அன்று விட்ட ஒரு நாள் பேரும், அதாவது தோட்டத்து நாள் சம்பளமும், போய்விட்டது அவர்களுக்கு. இன்று காலையும் விழா நடத்தியவர்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "பார்ப்போம் சேர்" என்கிறார்கள். நாளைக்கும் கேட்பேன்.