அறை சரி, ஆள் எங்கே?

பாலூட்டும் நர்ஸுக்கு ஆஸ்பத்திரி என்ன செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தால் எல்லோரும் உடனே ஓர் அறையைத்தான் காட்டுகிறார்கள். கதவில் தாயும் சேயும் ஸ்டிக்கர், உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரத்தில் ரிப்பன் வெட்டி ஒரு போட்டோ. அறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் அங்கே எத்தனை மணிக்குப் போவாள், போகிற நேரத்தில் அவளுடைய பெட்டுகளை யார் பார்ப்பார்கள்? டியூட்டி லிஸ்ட் போடுகிற என்னைப் போன்ற வார்டு இன்சார்ஜ்களைக் கேட்டால் பதில் சுலபம். அவள் போக மாட்டாள்.

பிரசவம் முடிந்தவர்களின் வார்டில் எங்கள் வேலையில் பாதி, பால் கொடுக்கக் கற்றுக்கொடுப்பதுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், ராத்திரியும் கொடுங்கள், எடுக்க எடுக்கத்தான் ஊறும். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் சிஸ்டருக்கு வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கும். விடியற்காலையில் பஸ் ஏறும் முன் கொடுத்ததுதான். ரவுண்ட்ஸ், ட்ரிப்ஸ், இரண்டு டிஸ்சார்ஜ், ஒரு அட்மிஷன் எல்லாம் முடிந்து நிமிரும்போது மார்பு கல்லாக இறுகியிருக்கும். யூனிஃபார்ம் நனைந்துவிட்டதா என்று கேஸ் ஷீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஸ்டாஃப் டாய்லெட்டில் நின்றபடியே பீய்ச்சி வாஷ்பேசினில் விடுவார்கள். கொஞ்ச நாளில் பால் தானாகக் குறைந்துவிடும். பிறகு பால் பவுடர் டப்பாதான்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது என்கிறது. நமக்குப் பெருமைதான். அதே கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 55 சதவீதம் சொச்சம். நாட்டின் சராசரியான 63.7-ஐவிடக் குறைவு. மிச்சக் குழந்தைகளில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் வருடத்து மகப்பேறு நலச் சட்டத்திலேயே, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 2017 திருத்தத்தில் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்பதும் அப்போதுதான் வந்தது. இப்போது இதெல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அந்த இரண்டு இடைவேளையும் அங்கேயும் இருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் நினைத்துப் பார்ப்பது மில்லையும் பக்கத்திலேயே லைன் வீட்டையும். பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வருவாள், அம்மா வந்து கொடுத்துவிட்டுப் போவாள். எங்கள் நர்ஸுகள் இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். தொற்று நோயாளிகள் புழங்கும் இடத்துக்குக் கைக்குழந்தையைக் கொண்டுவா என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே அவளுக்கு இடைவேளை என்றால் பம்ப் வைத்து எடுப்பதற்கான நேரம்தான். பதினைந்து நிமிடம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். கை கழுவி, இடம் தேடி, உட்கார்ந்து, பால் இறங்கி, பம்பைக் கழுவித் துடைத்து வர அரை மணி ஆகும். இதில் பெட் மணி அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் பால் இறங்கவே இறங்காது.

எடுத்ததை எங்கே வைப்பது? தடுப்பூசிப் பெட்டியில் தடுப்பூசி தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது. மருந்து ஃபிரிட்ஜில் இன்சுலின். வெளியே வைத்தால் நான்கு மணி நேரம் என்பது இருபத்தைந்து டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு, நம் ஊர் மே மாதத்துக்கு இல்லை. சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினால் தீர்கிற விஷயம் இது. கொடுமை என்னவென்றால், தானமாக வருகிற தாய்ப்பாலைப் பதப்படுத்திச் சேமிக்கிற வங்கி வைத்திருக்கும் ஆஸ்பத்திரியிலும் ஊழியர் பாலுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். 2015-லேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை கட்டிய மாநிலம் இது.

அரசில் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம் விடுப்பு. அவர்கள் திரும்பி வரும்போது குழந்தை இட்லி சாப்பிட ஆரம்பித்திருக்கும். ஒப்பந்த நர்ஸுகளுக்கும் தனியாருக்கும்தான் பாடு. தில்லி அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு டாக்டருக்கே, ஒப்பந்தம் பதினோரு நாளில் முடிகிறது என்று பதினோரு நாள் மட்டும் விடுப்பு கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-இல்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது. டாக்டருக்கே இந்தக் கதை. முன்பு நான் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், "ரிசைன் பண்ணிட்டுப் போம்மா, அப்புறம் வந்து சேர்ந்துக்கலாம்" என்பதுதான் பேறுகால விடுப்பு. திரும்பிச் சேரும்போது சம்பளம் புதிதாக வந்தவளுக்கு என்னவோ அதுதான்.

என் வார்டில் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். பாலூட்டும் சிஸ்டரோடு இன்னொருத்தரை ஜோடி சேர்த்து டியூட்டி லிஸ்டிலேயே எழுதிவிடுவேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரு அரை மணி, மத்தியானம் ஒரு அரை மணி, ரிலீவர் பெயரோடு. எழுதாமல் வாயால் சொன்னால் நடக்காது, அவளே கூச்சப்பட்டுக் கேட்க மாட்டாள். தனியாக ஐ.சி.யு. போடுவதில்லை. முடிந்தவரை நைட்டும் போடுவதில்லை.

இங்கேதான் சண்டை வருகிறது. அவளுக்கு நைட் இல்லை என்றால் அது கல்யாணமாகாத பிள்ளைகள் தலையில் விழுகிறது. "குழந்தை பெத்தாத்தான் தூங்க முடியுமா இன்சார்ஜ்?" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அவர்களுக்குள் மோத வைத்துவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சாதாரண மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், அதற்கு மேல் விடுப்பு ஈடுகட்ட முப்பது சதவீதம் கூடுதல் ஆள் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. இரவில் இருபது பெட்டுக்கு ஒருத்தியை நிறுத்திவிட்டு பாலூட்டும் இடைவேளை பற்றிப் பேசுவது வீண். அந்த முப்பது சதவீதம் இருந்தால் எனக்கு ரிலீவரைத் தேட வேண்டியதில்லை, யாருக்கும் கூடுதல் நைட்டும் இல்லை. ஆள் எடுத்தால் செலவு என்கிறார்கள். பால் கட்டிக் காய்ச்சலில் படுப்பவளும், பழகிய வேலையை விட்டே போகிறவளும் செலவுக் கணக்கில் வருவதில்லை.

இதில் எங்களுக்கும் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது. துடைக்கிற, பெட் மாற்றுகிற பெண்கள். அவர்களிலும் கைக்குழந்தைக்காரிகள் உண்டு. அந்த அறையை அவர்களும் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்ல, ஏஜென்சி" என்று பதில். ஏஜென்சிக்காரரைக் கேட்டால் இடம் ஆஸ்பத்திரியுடையது, அவர்களைக் கேளுங்கள் என்கிறார். இரண்டு இடைவேளையும் மாற்று ஆளும் யார் பொறுப்பு என்று ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அடுத்த தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதைக் கேட்கப்போகிறேன். மற்ற இன்சார்ஜ்களும் கூட வந்தால் நல்லது.