சரிவு 1956-ல் தொடங்கவில்லை

எகிப்தில் வாழ்ந்த இத்தாலியச் சமூகத்தைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் எகிப்து இத்தாலியர்கள் கலைந்து போனதற்கு சூயஸ் கால்வாயை ஒட்டி 1956-ல் வெடித்த போர் நெருக்கடிதான் காரணம் என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. முதல் அடி விழுந்தது 1940 ஜூனில். முசோலினி பிரிட்டன் மீது போர் அறிவித்ததும், அப்போது பிரிட்டன் பிடியில் இருந்த எகிப்தில் வாழ்ந்த இத்தாலிய ஆண்களை ஆயிரக்கணக்கில் பிடித்து ஃபாயித் பாலைவன முகாமில் அடைத்தார்கள். சொத்துகளும் முடக்கப்பட்டன. எகிப்து இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த பாடகி தலிதாவின் அப்பா கெய்ரோ ஒபேராவில் வயலின் வாசித்தவர், அவரும் தப்பவில்லை. திரும்பி வந்தபோது ஆளே மாறிப்போயிருந்தார் என்று மகளே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், கட்டுரையைப் படித்தால் எகிப்து இத்தாலியர்கள் எல்லாரும் பணக்கார வணிகர்கள் போல ஒரு தோற்றம் வருகிறது. கொத்தனார், தச்சர், மெக்கானிக், தையல்காரர் என்று கைத்தொழில் பார்த்துப் பிழைத்தவர்களும் நிறையப் பேர்.

எகிப்து அஞ்சல் துறையை எப்படி விட்டீர்கள்? இத்தாலியர் நடத்திவந்த தனியார் அஞ்சலைத்தான் எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் விலைக்கு வாங்கி 1865-ல் அரசுத் துறையாக்கினார். முதல் தலைவர் முத்ஸியும் இத்தாலியரே. அந்தக் கால எகிப்து அஞ்சல் முத்திரைகளில் இத்தாலிய மொழியைப் பார்க்கலாம்.

இன்னொரு வேடிக்கை: பட்டம் துறந்த இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் 1946-ல் அடைக்கலம் தேடிப் போனதும் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குத்தான். அடுத்த பாகம் எழுதினால் இதையெல்லாம் சேருங்கள்.