காதல் மீட்டரும் ஒரு பிட் ஞாபகமும்

பட்டன் போன் காலத்து ஜாவா கேம்களில் வந்த காதல் கதைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "அந்த போன்ல இடம் எங்க இருந்துச்சு? அதான் காதல் அவ்ளோ மேலோட்டமா இருந்துச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இடம் குறைவுதான். ஆனால் காதல் சப்பென்று போனதற்குக் காரணம் அது இல்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். போனில் ஜாவா கேம்கள் ஓடுவதற்கென்று 2000-இல் வந்த எம்ஐடிபி 1.0 என்ற பொது விதிமுறை ஒரு ஜாவா போனில் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்டது இவ்வளவுதான்: 96×54 புள்ளித் திரை, கேம் ஓடும்போது பயன்படுத்த 32 கேபி, சேவ் செய்து வைக்க 8 கேபி. 128×128 திரையோடு வந்த நோக்கியாவின் ஆரம்ப சீரிஸ் 40 வகை மாடல்களில் ஒரு கேம் மொத்தத்தையும் கட்டி வைக்கும் ஜார் ஃபைல் 64 கேபிக்குள் அடங்க வேண்டியிருந்தது. நிரல் (கோடு), படம், இசை, வசனம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 64.

இதில் இடத்தைத் தின்றது படம். 64×64 புள்ளியில், 16 நிறத்தில் ஒரு முகம் வரைந்தால் சுருக்குவதற்கு முன் 2,048 பைட். நாயகி, தோழி, போட்டிக்காரி என்று ஆளுக்கொரு முகம் கொடுக்கக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே பிஎன்ஜி படத்தை வைத்துக்கொண்டு, அதன் நிறப்பட்டியலை மட்டும் மாற்றி வேறு ஆளாக்கினார்கள். கறுப்பு முடி செம்பட்டையாகும், நீலச் சட்டை பச்சையாகும். நிறத்தை மாற்றிவிட்டு ஃபைல் கெடவில்லை என்று பார்க்க அந்தப் பகுதியோடு வரும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணைத் திருத்த மறந்தால், பல போன்கள் படத்தையே திறக்க மறுக்கும். ஒரு மாடலில் ஓடிய கேம் அடுத்த மாடலில் அப்படியே நின்றுவிடும்.

இத்தனை கெட்டிக்காரத்தனத்தை முகத்துக்குச் செலவழித்தவர்கள் பேச்சுக்குச் செலவழிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2006-இல் கேம்லாஃப்ட் என்ற கேம் நிறுவனம் வெளியிட்ட 'மயாமி நைட்ஸ்' நினைவிருக்கும். வேலை, வீடு, நட்பு, காதல் என்று ஒரு நகர வாழ்க்கையையே விளையாடலாம். அது வந்தபோது போன்களும் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. ஆனாலும் இந்த வகை கேம்களில் காதலுக்குப் பொதுவான உருவம் ஒரு மீட்டர்தான். பாராட்டினால் கொஞ்சம் ஏறும், பரிசு கொடுத்தால் இன்னும் ஏறும், நிறைந்தால் ஜோடி. பத்து முறை ஒரே பாராட்டைச் சொன்னாலும் அவள் பத்து முறையும் வெட்கப்படுவாள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். "எனக்கு காபி பிடிக்காது" என்கிறாள். மூன்று நாள் கழித்து நீங்கள் காபி வாங்கிக் கொடுக்கிறீர்கள். மீட்டர் ஏறுகிறது! அந்த நொடியில் எதிரே இருப்பது ஆள் இல்லை, உண்டியல் என்று தெரிந்துவிடுகிறது. அவள் சொன்னதை ஞாபகம் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1. ஜாவாவில் ஒரு இன்ட் (முழு எண்) என்பது 4 பைட், அதாவது 32 பிட். அதற்குள் இப்படி 32 விஷயங்களைக் குறித்து வைக்கலாம். "சொன்னேனே, மறந்துட்டியா?" என்று பதில் வர, ஆங்கில எழுத்தில் 40 பைட் போதும். ஒரு முகத்துக்குச் சுருக்காமல் ஆகும் இடத்தில் இப்படி ஐம்பது பதில்கள் அடங்கும். ஜார் என்பது ஜிப் மாதிரிதான், வசனங்கள் அதில் இன்னும் சுருங்கும்.

புறக்கணிப்புக்கு விலை வைக்கும் யோசனையும் அப்போதே இருந்தது. 1994-இல் பிசி எஞ்சின் என்ற கேம் கருவிக்கு ஜப்பானின் கோனாமி நிறுவனம் வெளியிட்ட 'டோக்கிமெக்கி மெமோரியல்' ஒருத்தியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவள் பெயருக்குப் பக்கத்தில் வெடிகுண்டைக் காட்டும். அது வெடித்தால் மற்றவர்களின் பிரியமும் குறையும். ஊர்ப்பேச்சு எப்படிப் பரவும் என்பதை ஒரு சின்னப் படத்தில் சொல்லிவிட்டார்கள்.

எத்தனை நாள் பேசாமல் விட்டோம் என்ற இந்தக் கணக்கை போனின் நிஜக் கடிகாரத்தோடு கட்டினால் ஒரு சிக்கல் வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல போன்களில் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். கடைசியாகப் பேசிய நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் விடை மைனஸில் வரும். பிறகு தேதியைச் சரிசெய்ததும் பல வருஷம் பேசாமல் இருந்ததாகக் கணக்காகி, காதல் முறிந்துபோகும். மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, இடைவெளி எவ்வளவு வந்தாலும் மூன்று நாளுக்கு மேல் எண்ணாமல் விட வேண்டும். இரண்டே வரி கோடு. நடுவில் போன் அழைப்பு வந்து கேம் தடைபடலாம் என்பதால், ஒவ்வொரு உரையாடல் முடிந்ததும் கேமை சேவ் செய்துவிட வேண்டும்.

ஜப்பானில் வேறு வழி பிடித்தார்கள். 1999-இல் தொடங்கிய ஐ-மோட் என்ற போன் இணையச் சேவையில் மாதச் சந்தா வசதி இருந்தது. வோல்டேஜ் நிறுவனம் 2006 முதல் பெண்களுக்கான காதல் கதைகளை போனுக்கென்றே எழுதியது. ஆரம்பத்திலேயே ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அவனுடைய கதையைத் தொடர்கதையாகப் படிக்க வேண்டும். அங்கே எழுத்துதான் முதலாளி, அதனால்தான் அது நிலைத்தது.

இன்னொரு பெரிய வாய்ப்பும் நழுவியது. இந்த கேம்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன், ஸ்பானிஷ் என்று பல மொழியில் போக வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே. பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ மரியாதைக்கு ஒரு சொல், நெருக்கத்துக்கு ஒரு சொல். ஆணா பெண்ணா என்பதற்கேற்பப் பல சொற்களின் வடிவமும் மாறும். நாலு விதமாக எழுதினால் இடம் போதாதே என்று, யாருக்கும் பொருந்தும் மொட்டை வசனங்களை எழுதி வைக்கத்தான் தோன்றும். ஆனால் "நீங்க" எப்போது "நீ" ஆகிறது என்பதைவிடக் காதலில் பெரிய காட்சி என்ன இருக்கிறது? எல்லா வசனத்தையும் இரண்டாக எழுத வேண்டாம். அவள் வாயில் அடிக்கடி வரும் இருபது வசனங்களை மட்டும் இரண்டு விதமாக எழுதி, ஒரு பிட் வைத்து, திருப்பம் வரும் இடத்தில் அதை 0-லிருந்து 1 ஆக்கினால் போதும். அன்று காலைவரை "வந்துட்டீங்களா?" என்று கேட்டவள், அன்று மாலை கதவைத் திறந்து "வந்துட்டியா?" என்பாள்.