வெள்ளை போர்டு வரும்வரை நிற்கும் பிள்ளைகள்

எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவன் ஒரு மாதமாகவே முதல் பீரியடுக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்தான். போன வாரம் கூப்பிட்டுக் கேட்டேன். "வெள்ளை போர்டு வரல மேம்" என்றான். சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். கட்டணம் கூடிய டீலக்ஸ் பஸ் மூன்று போனதாம், ஏறவில்லையாம். அதில் போகவர ஆகும் காசு அவனுடைய மதியச் சாப்பாட்டுக் காசு. அத்தனை நாளும் அவனுக்கு ஆப்சென்ட் போட்டது நான்தான் என்பதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சலுகையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு இலவச பாஸ் இருக்கிறது. எங்களைப் போன்ற தனியார் கல்லூரி என்றால் பாதிக் கட்டணம். ஆனால் எந்த பாஸாக இருந்தாலும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு, அதுவும் சாதாரணக் கட்டணப் பேருந்தில்தான். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் பள்ளிக் குழந்தைக்கு இது சரி. கல்லூரியில் படிப்பவர்கள் அப்படியா இருக்கிறார்கள்? ஒருத்தி இன்டர்ன்ஷிப்புக்கு கிண்டி போகிறாள், ஒருவன் போட்டித் தேர்வுக்குப் படிக்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறான். வகுப்பு முடிந்ததும் நேராகக் கடை வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயணம் எதற்கும் பாஸ் உதவாது.

ரயிலிலும் இதே கதைதான். இலவச சீசன் டிக்கெட் பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை உண்டு, பையன்களுக்கு பிளஸ் டூவோடு நின்றுவிடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் கிடையாது. அதை ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன், அதனால்தான் படிப்பை விடாமல் வருகிறேன் என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. அந்த டிக்கெட் பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசே தருகிறது. ஆக, நஷ்டம் வரும் என்ற பேச்சுக்கு வழி ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது. அதே வழியில் மாணவர்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பையனுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவுகிற பணம். மாநகரப் பேருந்தில் ஏசி தவிர எதில் வேண்டுமானாலும் ஏறி இறங்கும் 'விருப்பம்போல் பயணம்' பாஸின் விலையும் மாதம் 1,000 ரூபாய். வாங்கினால் வந்த பணம் அப்படியே பஸ்ஸுக்குப் போய்விடும். தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த 1,000-மும் இல்லை.

அந்த 'விருப்பம்போல் பயணம்' பாஸை, கல்லூரி அடையாள அட்டை உள்ள எல்லோருக்கும் 300 ரூபாய்க்குக் கொடுக்கலாம். எந்தக் கல்லூரி, எந்த வழித்தடம் என்று கேட்க வேண்டாம். சென்னையில் தொடங்கி மற்ற ஊர்களின் டவுன் பஸ்ஸுக்கும் கொண்டுபோகலாம். 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றியபோது மாநிலம் முழுக்கத் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள்தான், அந்த மாதம் முடிவதற்குள் கொஞ்சமாவது குறைத்தார்கள். கேட்டால் நடக்கும் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் கல்லூரியில் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருக்கிறோம், போக்குவரத்துத் துறைக்கு அனுப்பப் போகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளையிடமோ வகுப்புப் பிள்ளைகளிடமோ இன்று ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஸ்டாப்பில் நிற்கிறாய், எத்தனை பஸ்ஸை விட்டுவிட்டு ஏறுகிறாய்? பதிலை இங்கேயே எழுதுங்கள், மனுவோடு சேர்த்துவிடுகிறேன்.